அலுமினியம் துருப்பிடிக்காது

பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்கிறவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாகங்களை ஒட்டி, சாயம் அடித்து, எல்லாம் முடிந்த பிறகு பழுப்புச் சாயத்தை எடுத்து இறக்கை ஓரங்களில் துரு வைப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பெரும்பாலான போர் விமானங்களின் உடல் அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது. உப்புக் காற்றில் அரிக்கும், வெள்ளையாகப் பொடி பூக்கும், குழி விழும். செங்கல் நிறத்தில் துரு வழிய வேண்டுமென்றால் அங்கே இரும்பு இருக்க வேண்டும். நங்கூரம், சங்கிலி, சில திருகாணிகள். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் "பொம்மைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேள்வி வேறு. புதிதாக வாங்கிய பெட்டியைத் திறந்து, மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டி, பளபளவென்று வெள்ளைச் சாயம் அடித்து முடித்ததும் அம்மா வந்து பார்த்து, "இப்பதான் நல்லா இருக்கு, இப்படியே விட்டுடு" என்றார். மறுநாள் அதே வெள்ளையின் மேல் நான் புகைக்கறை வைப்பதைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து வாங்கி, வேணும்னே அழுக்காக்குறியே, இது என்ன கூத்து?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

நான் செய்துகொண்டிருப்பது கேட்டலினா என்ற பறக்கும் படகு, 72இல் ஒரு பங்கு அளவில். பறக்கும் படகு என்றால் அடியில் மிதவை கட்டிய விமானம் அல்ல. அதன் வயிறே படகு. தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்தது. முதல் மாதிரி 1935 மார்ச்சில் பறந்தது. பிறகு 3,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 31.7 மீட்டர். என் மேசையில் அது 44 சென்டிமீட்டர். உடலுக்கு மேலே ஒரு தூணில் இறக்கையைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள், இரண்டு இயந்திரங்களும் நீர்த்திவலையில் நனையாமல் இருக்கட்டும் என்று. இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரிப் பெரிய கண்ணாடிக் குமிழ்கள். அழகான விமானம் என்று சொல்ல மாட்டேன். வேகமும் இல்லை, சாதாரணமாக மணிக்கு 200 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு நாளில் முக்கால் பங்கை வானத்திலேயே கழிக்கக்கூடியது. கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை.

அழுக்கு எப்படி உண்டாகிறது என்று கற்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் இருப்பவர்களுக்கு லங்காட் ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. நடுவில் பாக்காவ் மரங்கள், சேறு, கட்டிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகள். நான்கைந்து சனிக்கிழமை காலைகளில் அங்கே போய் நின்று படகுகளின் பக்கவாட்டைப் படம் எடுத்தேன். மீன் வாங்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

முதல் பாடம், படகின் மேல் இருக்கும் கோடும் படகுத்துறைத் தூணின் மேல் இருக்கும் கோடும் ஒன்றல்ல. தூண் நகராது, தண்ணீர்தான் ஏறி இறங்கும். அதனால் தூணில் அலை ஏற்ற இறக்கத்தின் முழு உயரத்துக்கும் பட்டை பட்டையாகக் கறை இருக்கும். படகு தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதன் கோட்டை முடிவு செய்வது கடலலை அல்ல, அதன் சொந்தப் பாரம். படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவரிடம் கேட்டேன். வெறும் படகாகக் கிளம்பும்போது ஒரு கோடு, ஐஸும் மீனுமாகத் திரும்பும்போது இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பட்டையைத்தான் தேய்த்து எடுக்கவே முடியாது என்றார். பாதி நேரம் நனைந்தும் பாதி நேரம் காய்ந்தும் கிடக்கிற இடம் அது.

கேட்டலினா இதற்கு நேர் எதிர். கிளம்பும்போது பாரம், திரும்பும்போது லேசு. 6,000 லிட்டருக்கும் மேல் எரிபொருள் பிடிக்கும். முழுத் தொட்டியோடு அது தண்ணீரில் அமுங்கி நிற்கும். இருபது மணி நேரம் பறந்து திரும்பி வந்தால் வயிறு மேலே தெரியும். ஆகவே அதன் உடலில் ஒரே நேர்க்கோடு இழுத்து "நீர்மட்டம்" என்று காட்டுவது தவறு. இரண்டு கோடுகள் வேண்டும். மேல்கோடு மங்கலாக, கீழ்கோடு அழுத்தமாக, நடுவில் கலங்கலான பட்டை. பெட்டிக்குள் வரும் வழிகாட்டித் தாளில் இதையெல்லாம் போடுவதில்லை.

இரண்டாவது பாடம்தான் என்னை நிறுத்தியது. எந்தத் தண்ணீர்? நம் ஆற்று முகத்துவாரத்தில் சேறு சாம்பல் நிறம், பாசி கரும்பச்சை, உப்பு காய்ந்தால் வெள்ளைத் திட்டு. அடியில் கொட்டலசு ஒட்டும். இதை அப்படியே கேட்டலினாவில் வைத்துவிடலாமா? அந்த விமானம் எங்கே கட்டிக் கிடந்தது என்று தெரியாமல் வைக்க முடியாது. நம் பக்கத்துக் கடல்களில் கேட்டலினாக்கள் கிடந்த மூன்று தண்ணீர்களைச் சொல்கிறேன். மூன்றுக்கும் மூன்று விதமான அழுக்கு.

முதலாவது சிங்கப்பூரின் செலேத்தார். ஜொகூர் நீரிணையின் உப்புத் தண்ணீர். பிரிட்டிஷ் விமானப் படையின் 205ஆம் பிரிவு 1941இல் அங்கிருந்துதான் கேட்டலினாக்களைப் பறக்கவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, ஜப்பானியக் கப்பல் கூட்டம் எங்கே போகிறது என்று பார்க்க அவற்றில் ஒன்று சயாம் வளைகுடாப் பக்கம் போனது. விமானி பேட்ரிக் பெடல். கப்பல்களை நெருங்கிய நேரத்தில் ஜப்பானியப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது அன்று நள்ளிரவுக்குப் பிறகு. பேர்ல் ஹார்பர் அதற்கும் பிறகு. பசிபிக் போர் எங்கே தொடங்கியது என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ஹவாய் என்று சொல்லும். முதலில் போன எட்டு உயிர்கள் நம் வாசலில் போனவை.

இரண்டாவது இலங்கையின் கொக்கலை, காலிக்குப் பக்கத்தில். கடலோடு தொடர்புள்ள களப்பு, நன்னீரும் உப்பும் கலந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி கனடியப் படையின் 413ஆம் பிரிவைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சல் ஓட்டிய கேட்டலினா அங்கிருந்து தெற்கே போய், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்களைக் கண்டது. அவர் கொக்கலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரே செய்தியை மூன்று முறை அனுப்புவது வழக்கம். மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டுக் கருவி நொறுங்கியது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேர் பிடிபட்டு, போர் முடியும்வரை ஜப்பானில் கைதிகளாகக் கிடந்தார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்க வந்தபோது கொழும்பு முன்கூட்டியே அறிந்திருந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிற எனக்கு அந்த மூன்றாம் முறை மனதை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது நம்மில் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி, செங்குன்றம் ஏரி என்றும் சொல்வார்கள். கோடைக்காலத்தில் சென்னைச் செய்திகளில் "புழல் ஏரியின் நீர்மட்டம்" என்று வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் அது பறக்கும் படகுத் தளம். பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் பிரிவு உள்படச் சில பிரிவுகளின் கேட்டலினாக்கள் அங்கே மிதந்தன. வங்காள விரிகுடாவில் ரோந்து போவது ஒரு பக்கம். எதிரி கைப்பற்றிய கரைகளில் இரவில் உளவாளிகளை இறக்கும் சிறப்புப் பணி இன்னொரு பக்கம். ஏரி நன்னீர். உப்புத் திட்டு இல்லை, கொட்டலசு இல்லை. கடலில் ஒட்டிக்கொள்ளும் உயிர்களுக்கு நன்னீர் பிடிக்காது. ஊரின் பெயரே செங்குன்றம், மண் சிவப்பு. மழைக்குப் பிறகு ஏரியில் சேரும் கலங்கலின் நிறம் நம் லங்காட் ஆற்றின் சாம்பல் அல்ல.

நான் தேர்ந்தெடுத்தது புழல் ஏரியை. அதற்குக் காரணம் சென்னை அல்ல, மோரிப்.

1944 அக்டோபர் இறுதியில் ஒரு கேட்டலினா இரவில் திரங்கானு கடற்பகுதியில் இறங்கியது. அதிலிருந்து மூன்று மலாய் இளைஞர்கள் கரைக்குப் போனார்கள். பிரிட்டனின் 136ஆம் படை என்ற இரகசிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். தலைவர் இப்ராஹிம் இஸ்மாயில், ஜொகூர்க்காரர், டேராடூன் ராணுவக் கழகத்தில் பயின்றவர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். கம்பியில்லாத் தந்திக் கருவியை அவர் கையிலேயே கொடுத்து, எதுவும் நடக்காதது போலத் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பு என்றார்கள் ஜப்பானியர்கள். அவரும் அனுப்பினார். ஆனால் தாம் பிடிபட்டிருப்பதையும் தலைமையகம் புரிந்துகொள்ளும்படி செய்துவிட்டார். அதன்பின் ஜப்பானியரின் மூக்குக்குக் கீழேயே இரட்டை வேடம். நேச நாட்டுப் படை கரையிறங்கப் போவது வடக்கே கிரா பூசந்தியில் என்று அவர் வழியாக ஜப்பானியரை நம்ப வைத்தார்கள். உண்மைத் திட்டம் நம் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் கரை.

இந்த இப்ராஹிம் இஸ்மாயில்தான் பின்னாளில் நம் ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி, ஜெனரல் துன் இப்ராஹிம் இஸ்மாயில். தம் அனுபவங்களை "ஹேவ் யூ மெட் மரியம்?" என்ற நூலாக எழுதினார். தலைப்பைக் கேட்டால் காதல் கதை போல இருக்கும். அது தந்தியில் வந்த பாதுகாப்புக் கேள்வி.

அந்தக் கரையிறக்கம் 1945 செப்டம்பர் 9ஆம் தேதி மோரிப்பில் நடந்தது. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங் வழியாகப் போனால் காரில் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டம் விட்டு, வறுத்த கோரேங் பிசாங் தின்றுவிட்டு வருகிறோமே, அதே கடற்கரை. அங்கே ஒரு நினைவுக் கல்லும் நிற்கிறது. பெரும்பாலோர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் துப்பாக்கிச் சண்டை இல்லை. இந்திய ராணுவத்தின் படைப்பிரிவுகள் வந்திறங்கின. மேலே மணல், அடியில் சேறு என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வண்டி வண்டியாகப் புதைந்தன. எதிர்ப்பு இருந்திருந்தால் அந்தச் சேற்றில் என்ன நடந்திருக்கும் என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுதுகிறார்கள். ஜப்பானியரின் கண்ணைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வடக்கே திருப்பி வைத்த பொய்யின் மதிப்பு அந்தச் சேற்றில் காலை வைத்துப் பார்த்தால் தெரியும்.

அந்த வருடங்களில் இந்தக் கரையோரத் தோட்டங்களிலிருந்தும் நம்மவர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. மீதி இருந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கோடு காலம் தள்ளினார்கள். இரவில் எங்கோ கிழக்குக் கரையில் ஒரு விமானம் தண்ணீரில் இறங்கியது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர்கள் கதையும் இந்த விமானத்தின் கதையும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்றுதான் நான் பார்க்கிறேன். அதனால்தான் இதை வெறும் அலங்காரப் பொருளாகச் செய்ய மனம் வரவில்லை.

சரி, மேசைக்கு வருவோம்.

கறை வைப்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும். 72இல் ஒரு பங்கு அளவில், மாதிரியின் மேல் 1 மில்லிமீட்டர் சாயம் உரிந்திருந்தால் உண்மையான விமானத்தில் அது 7 சென்டிமீட்டருக்கும் மேல். உள்ளங்கை அகலம். தூரிகை நுனியால் போகிற போக்கில் ஒரு 3 மில்லிமீட்டர்ப் பொட்டு வைத்தால், உண்மையில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சாயம் பிய்ந்த மாதிரி. அதனால் உரிந்த தடங்களைப் பஞ்சுத் துண்டாலும் ஊசி முனையாலும்தான் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்ற அளவில். இதே கணக்கு சேற்றுக்கும். லங்காட் ஆற்றுச் சேற்றையே காய வைத்துச் சலித்துப் பூசினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். யோசனை கவர்ச்சியாக இருந்தது. ஆனால் 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் இந்த அளவில் 7 மில்லிமீட்டர்ச் சரளைக் கல். உண்மையான சேறு, மாதிரியில் பொய்யாகிவிடும். கடையில் கிடைக்கும் பொடிச் சாயம்தான் சரி.

அடித்தளமாக வெள்ளி நிறம். அது காய்ந்ததும் அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே. ஆமாம், தலைமுடிக்கு அடிக்கிற அதே டப்பா. அதன் மேல் விமானத்தின் உண்மையான நிறங்கள்: மேலே கடல் சாம்பலும் கரும்பச்சைச் சாம்பலும், பக்கவாட்டில் வெள்ளை. பிறகு ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் அடியிலிருக்கும் ஹேர் ஸ்ப்ரே கரைந்து, மேல்சாயம் துணுக்குத் துணுக்காக உரியும், உள்ளேயிருக்கும் வெள்ளி தெரியும். சாயம் பூசி வரைந்த உரிதல் அல்ல, உண்மையிலேயே உரிந்த உரிதல். எங்கே தேய்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விமானம் தண்ணீரில் கட்டியிருக்கும்போது எரிபொருள் நிரப்ப ஆட்கள் இறக்கை மேல் ஏறி நடப்பார்கள். ஆகவே இறக்கையின் நடுப்பகுதி. உந்துசுழலியின் நுனிகள், நீர்த்திவலை அடித்து அடித்து. முன்மூக்கின் அடிப்பகுதி, நங்கூரச் சங்கிலி உரசும் இடம்.

தேய்க்கவே கூடாத இடமும் உண்டு. வாலின் சுக்கான், இறக்கையின் அசையும் ஓரங்கள், இவை கேட்டலினாவில் உலோகமல்ல. சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி, மேலே பூச்சு. துணியில் சாயம் உரிந்தால் உள்ளே வெள்ளி மின்னாது. மங்கும், வெளுக்கும், ஒட்டுப்போட்ட தடம் தெரியும். போட்டிகளில் பரிசு வாங்கிய கேட்டலினாக்களின் படங்களிலேயே துணிச் சுக்கானில் வெள்ளிக் கீறல்களைப் பார்த்திருக்கிறேன். நடுவர்கள் பார்க்கவில்லை போலும்.

இயந்திரப் புகைக்குக் கறுப்பை எடுக்காதீர்கள். முதலில் அடர் பழுப்பைப் புகை போல ஏர்பிரஷில் அடித்து, அதன் நடுவில் வெளிர் சாம்பலை மெல்லிய கோடாக விட வேண்டும். ஈயம் கலந்த அந்தக் காலத்து எரிபொருள் சூடாக எரிந்தால் வெளிறிய படிவைத்தான் விடும். கறுப்பு மட்டும் அடித்தால் இயந்திரம் பழுது என்று அர்த்தம். இரவில் இருபது மணி நேரம் கடல் மேல் போய்த் திரும்பிய விமானத்தின் இயந்திரத்தைப் பழுதாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அதைப் பராமரித்த பணியாளர்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை அது.

நம் ஊர் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நான்கு மணிக்கு வானம் இருட்டினால் ஏர்பிரஷை மூடி வைத்துவிடுங்கள். ஈரக் காற்றில் லேக்கர் வகைச் சாயம் அடித்தால் காயும்போது பால் படர்ந்தது போல வெளுத்துவிடும். ஆராய்ச்சி எல்லாம் செய்து வைத்த கடல் சாம்பல் மேல் மேகம் படியும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நடுவில் வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். சன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

இப்போது நீர்மட்டக் கோடு. லங்காட் ஆற்றில் கற்ற தர்க்கத்தை வைத்துக்கொண்டேன், நிறத்தைக் கழற்றிவிட்டேன். இரண்டு கோடுகள், நடுவில் கலங்கல் பட்டை, ஆனால் சாம்பலுக்குப் பதில் செம்பழுப்பு, மிக லேசாக. அடிவயிற்றில் மெல்லிய பாசிப் பச்சை. கொட்டலசு கிடையாது. உப்பு மட்டும் ஒரு கேள்வியாக நின்றது. தளம் நன்னீர் ஏரி, ஆனால் விமானம் கடலில் இறங்கி ஆளை விட்டுவிட்டு வருகிறது. யோசித்துப் பார்த்தால் விடை தானாக வருகிறது. திரும்பி வந்து ஏரியில் இறங்கும்போது அடிவயிற்று உப்பை ஏரித் தண்ணீரே கழுவிவிடும். மேலே தெறித்துக் காய்ந்த உப்பு அடுத்த மழை வரை இருக்கும். ஆகவே வெள்ளைப் படிவு அடியில் இல்லை, மேலே. இறக்கையைத் தாங்கும் தூணின் பின்பக்கம், தாங்கு கம்பிகளின் மூட்டுகள், கண்ணாடிக் குமிழின் ஓரம். சுண்ணாம்பு நிறப் பொடியைத் தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை வைத்தேன். படகு செய்கிறவர்கள் உப்பை அடியில் வைப்பார்கள். இதில் தலைகீழ்.

வட்டக் குறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டத்துக்கு நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தென்கிழக்காசியப் போர்முனையில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழப்பிக்கொண்டு சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே. கருநீலமும் வெளிர் நீலமும் மட்டும். பெட்டியில் வந்த ஒட்டுப்படங்களில் சிவப்பு இருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டு நீல வட்டங்களை மறைப்புத் தாள் வெட்டிச் சாயத்திலேயே அடித்தேன். அக்காள் மகன் பார்த்துவிட்டு, "சிவப்பு போட்டா இன்னும் அழகா இருக்கும்ல?" என்றான். இருக்கும். ஒரு குறிப்பிட்ட விமானத்தின் எண்ணையும் நான் ஒட்டவில்லை. இது அந்த இரவில் திரங்கானுவில் இறங்கிய விமானம் என்று பெயர் சூட்டுவது பொய்ச் சாட்சி. அந்த வேலைக்குப் போன வகை விமானம் என்பது போதும்.

துருவுக்கும் இடம் கொடுத்தேன், ஒரே ஒரு இடத்தில். முன்மூக்குப் பக்கம் நங்கூரச் சங்கிலி தொங்கும் இடத்துக்குக் கீழே, ஒரு மயிரிழை அளவுக்குச் செம்பழுப்பு. அங்கே இரும்பு இருக்கிறது.

கடைசியாகச் செய்தது இடப்பக்கக் கண்ணாடிக் குமிழின் கீழ் விளிம்பு. மிதந்து கிடக்கும் கேட்டலினாவில் ஏறுவதும் இறங்குவதும் அந்தக் குமிழைத் திறந்துதான். சாமான் ஏற்றுவது, காயம்பட்டவரைத் தூக்குவது, இரவில் ரப்பர்ப் படகில் ஆளை இறக்குவது, எல்லாமே அந்த விளிம்பு மேல் காலை வைத்துத்தான். அங்கே வெள்ளைச் சாயம் நிற்கவே நிற்காது. ஈரத் தூரிகையால் கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்தேன். அதன் கீழே, ஒரு கால் வழுக்கி இறங்கியிருக்கக்கூடிய இடத்தில், பொடிச் சாயத்தில் இரண்டு மங்கலான கீற்றுகள். அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர், உண்மையில் ஒரு சப்பாத்தின் நீளம்.